11 நிமிடமும் அதற்குப் பிறகும்

(மயிலாப்பூரில் நடந்த ஒரு மாணவர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒரு குழந்தையோட இதயத்தைப் பத்திப் பேச வந்திருக்கேன். விடுதலை அரசியல் பேசுற இடத்துல ஆஸ்பத்திரிக் கதை எதுக்குன்னு சிலருக்குத் தோணலாம். பொறுமையாக் கேளுங்க. கதை நம்ம வாசலுக்குத்தான் வந்து சேரும்.

2008 செப்டம்பர். திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த 15 வயது ஹிதேந்திரன் விபத்தில் அடிபட்டு மூளைச்சாவு அடைந்தான். தாய், தகப்பன் இருவரும் மருத்துவர்கள். பெத்த வயிறு எரிஞ்சுக்கிட்டு இருக்கும்போதே பிள்ளையின் உறுப்புகளைக் கொடுக்கச் சம்மதித்தார்கள். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு இதயம் போக வேண்டும். போலீஸ் வழியை ஒதுக்கிக் கொடுத்தது. 11 நிமிடத்தில் வண்டி போய்ச் சேர்ந்தது. மருத்துவர் கே.எம். செரியன் தலைமையிலான குழு அதை ஒரு 9 வயதுச் சிறுமிக்குப் பொருத்தியது. தமிழ்நாடே பேசிய சம்பவம் இது.

அந்த நேரத்தில் டாக்டர்கள் என்ன பார்த்தார்கள்? ரத்த வகை சேருதா, கொடுத்தவர் இதயம் வாங்குறவர் நெஞ்சுக்கூட்டுக்குள் அடங்குமா என்று பார்த்தார்கள். எந்தத் தெரு, என்ன சாதி என்று பார்க்கவில்லை. எடுத்த இதயத்தை ஏறக்குறைய 4 மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும். சாதி விசாரிக்க அங்கே நேரமில்லை.

ஆனா ஒண்ணு யோசிங்க. இந்த நாட்டில் செத்துப்போன ஒருத்தரோட இதயமும் ஈரலும் எந்தச் சாதிக்காரன் உடம்புக்குள்ளேயும் போய் வாழலாம். மிச்ச உடம்பு மட்டும் ஊர் சுடுகாடா, சேரிச் சுடுகாடான்னு பார்த்துத்தான் போகணும். உள்ளே இருக்கிறது பொது, தோல் மட்டும் தீட்டு!

‘பார்த்தீங்களா, ஆஸ்பத்திரியில சாதி ஒழிஞ்சிடுச்சு’ என்று வெகுசனப் பத்திரிகைகள் எழுதும். அந்தச் சந்தோஷத்தோடு அவர்கள் நிறுத்திக்கொள்வார்கள். நாம் அங்கேயிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். 11 நிமிடம் முடிந்த பிறகு அந்தக் குழந்தைக்கு என்ன நடக்கிறது?

மாற்று இதயம் வைத்த குழந்தை முதலில் மூச்சுக் கருவியோடு தனியறையில் கிடக்கும். கருவியை எடுத்ததும் கொஞ்சம் கொஞ்சமா உட்காரும், நடக்கும். வந்த இதயத்தின் நரம்புத் தொடர்பு அறுபட்டிருக்கும். அதனால் குழந்தை ஓடினால் இதயம் உடனே வேகம் எடுக்காது, தாமதமாத்தான் பின்னால் வரும். உடம்பு அந்த இதயத்தை அந்நியன் என்றே நினைக்கும், எதிர்க்கும். அந்த எதிர்ப்பை அடக்க மாத்திரை. தினமும் குறித்த நேரத்தில், ஆயுள் முழுக்க. எதிர்ப்பு கிளம்பியிருக்கிறதா என்று பார்க்க, கழுத்து ரத்தநாளம் வழியே குழாய் விட்டு இதயத் தசையில் துளி எடுத்துப் பரிசோதிப்பார்கள். சில மாத்திரையால் முகம் உப்பிப் போகும்.

எதிர்ப்பை அடக்கினால் கிருமியை எதிர்க்கிற சக்தியும் சேர்ந்து அடங்கும். அதனால் டாக்டர் சொல்லி அனுப்புவது இதுதான்: கொதிக்கவைத்த தண்ணீர் கொடுங்க. கூட்டத்தில் விடாதீங்க. வீட்டைச் சுத்தமா வையுங்க. காய்ச்சல் வந்தா உடனே தூக்கிட்டு ஓடி வாங்க.

இந்த நாலு வரிக்குள்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது, தோழர்களே.

2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஏழைப் பிள்ளைக்கும் உறுப்பு மாற்று சிகிச்சை கிடைக்கும் என்ற நிலை வந்தது. 2014இல் உறுப்பு மாற்று ஆணையமும் வந்தது. இதெல்லாம் நல்லதுதான், நாம் மறுக்கவில்லை. ஆனா காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் கூட வருது. பிள்ளை எந்த வீட்டுக்குத் திரும்பிப் போகுது?

இந்தக் கூட்டம் நடக்கிற இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், ராஜா அண்ணாமலைபுரம் பக்கிங்காம் கால்வாய் ஓரம் கோவிந்தசாமி நகர். 2022 மே மாதம் நீதிமன்ற உத்தரவு என்று சொல்லி வீடுகளை இடித்தார்கள். அங்கே வாழ்ந்த ஒரு முதியவர் தீக்குளித்துச் செத்தார். அந்த உயிர் போன பிறகுதான் மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கமே வீடு தருவதாகச் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைச் சனங்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்கு முன்னாலேயே கண்ணகி நகர், செம்மஞ்சேரி. தி.நகர் தெருவைப் பெருக்குறவங்க, அடையாறு அடுக்குமாடியில பாத்திரம் கழுவுறவங்க வீடெல்லாம் ஊருக்கு வெளியே. பழைய கிராமத்துச் சேரியும் ஊருக்கு வெளியேதானே இருந்தது?

ஒரு பிள்ளைக்கு அங்கே ராத்திரி ரெண்டு மணிக்குக் காய்ச்சல் அடிக்குதுன்னு வெச்சுக்குங்க. மேல் மாடியில வீடு, லிஃப்ட் ஓடல. பஸ் இல்ல. அந்தப் பிள்ளைக்கு யார் சாலையை ஒதுக்கிக் கொடுப்பா? இதயத்துக்கு 11 நிமிடம் கிடைத்தது. அந்த இதயத்தைச் சுமக்கிற குழந்தைக்கு?

தண்ணீரைப் பாருங்க. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில் பிள்ளைகள் நோய்ப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தண்ணீரைச் சோதியுங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான், தலித் மக்கள் குடிக்கிற தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிந்தது. நல்ல உடம்போடு இருந்த பிள்ளைகளுக்கே அந்த நிலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1994இல் உறுப்பு மாற்றுச் சட்டம் வருவதற்கு முன் வில்லிவாக்கத்துக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? கிட்னிவாக்கம். சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர்ப் பெண்கள் சிறுநீரகம் விற்ற செய்தி 2007இல் வந்தது. வறுமைப்பட்ட உடம்பிலிருந்து உறுப்பு மேலே போக வழி எப்பவும் இருந்திருக்கு. பராமரிப்பு கீழே இறங்கி வரத்தான் வழியில்லை. 2023 முதல் உறுப்புக் கொடை தந்து இறந்தவர்களுக்கு அரசு மரியாதை. செய்யட்டும். பிழைத்த குழந்தைக்கும் ஒரு மரியாதை உண்டு. சுத்தமான தண்ணீர், காற்று வருகிற அறை, நடக்கிற தூரத்தில் ஆஸ்பத்திரி, நிற்காமல் கிடைக்கிற மாத்திரை. இவை சலுகை அல்ல, சிகிச்சையின் மிச்சப் பாதி. ஆகவே, குடிசையை இடிக்கிறவன் குழந்தையின் சிகிச்சையைப் பாதியில் அறுக்கிறான் என்று நாம் சொல்ல வேண்டும்.

அண்ணல் அம்பேத்கருக்கு ஐந்து பிள்ளைகள். நாலு பிள்ளைகளைப் பறிகொடுத்தார். 1926இல் கடைசி மகன் இராஜரத்னமும் போனான். அடுத்த வருஷம், 1927 மார்ச் 20, மகத் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார்.

அந்தத் தண்ணீர் இன்னும் நம்ம பிள்ளைகள் கைக்கு வந்து சேரவில்லை, தோழர்களே.

ஜெய்பீம்.