கம்பியாளும் மின் அதிர்ச்சியும்



1932-ஆம் ஆண்டில் நீலகிரி மலையில் பைகாரா மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன்பின் கமலையும் ஏற்றமும் ஓய்ந்து, கிணற்று மேடுகளில் பம்புசெட்டு குடியேறிய வரலாற்றை நாம் நன்கு அறிவோம். அவ்வரலாற்றில் அதிகம் பேசப்படாதவர் ஒருவர் உண்டு. அவரே நம் ஊர்க் கம்பியாள். மோட்டார் நின்றால் நள்ளிரவிலும் அவரையே அழைக்கிறோம். அவர் வந்து, வேலையை முடித்து, நலமாக வீடு திரும்ப வேண்டும். அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

எவ்வளவு மின்சாரம் உயிரைப் போக்கும் என்பதில் நம்மில் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. 11,000 வோல்ட் கம்பிக்கு அஞ்சி ஒதுங்குபவரே, வீட்டிலுள்ள 230 வோல்ட்டைச் ‘சுருக்கென்று இழுக்கும், அவ்வளவுதான்’ என்று அலட்சியம் செய்கிறார். உடலுக்குள் எவ்வளவு மின்னோட்டம், எந்த வழியில், எத்தனை நேரம் பாய்கிறது என்பதே கேள்வி. 1 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் இலேசான உணர்ச்சி தோன்றும். 10 மில்லி ஆம்பியர் அளவில் கைத்தசைகள் இறுகிவிடுவதால், பற்றிய கம்பியை விட முடியாது. மின்சாரம் ஆளைப் பிடித்துக்கொண்டது என்று ஊரார் கூறுவது இதைத்தான். உண்மையில் பிடித்திருப்பது அவருடைய கையே. 50 முதல் 100 மில்லி ஆம்பியர் வரை ஒரு நொடிக்கு மேல் மார்பின் வழியே பாய்ந்தால், இதயம் முறையாகத் துடிப்பதை விட்டுத் தாறுமாறாக நடுங்கக்கூடும். இரத்த ஓட்டம் நின்றுவிடும். ஒரு 60 வாட் குண்டு விளக்கு எரிவதற்கே சுமார் 260 மில்லி ஆம்பியர் வேண்டும் என்பதோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

உலர்ந்த தோல் மின்சாரத்தைப் பெருமளவு தடுக்கும். நனைந்த தோலிலோ அத்தடை மிகவும் குறைந்துவிடுகிறது. நனைந்த உடலின் தடை சுமார் 1,000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் பாய்வது 230 மில்லி ஆம்பியர். பம்பு அறையின் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, வியர்த்த கையால் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறப்பவரின் நிலையை இனி விளக்கிக் கூற வேண்டியதில்லை.

‘பியூஸ் இருக்கிறதே, அது போய்விடாதா?’ என்று கேட்பவர் உண்டு. 5 ஆம்பியர் பியூஸ் என்றால் 5,000 மில்லி ஆம்பியர். மனிதன் மாண்டு கிடக்கும்போதும் அது போகாமல் இருக்கும். பியூஸ் காப்பது கம்பியை. ஆளைக் காக்க வேண்டுமெனில், 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி வேண்டும். எனினும் ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலுமாகப் பற்றிக்கொண்டு, உலர்ந்த மரப் பலகைமேல் நிற்பவரை அதுவும் காப்பாற்றாது. தரைக்குக் கசிவு ஏதும் இல்லாமையால், அவரையும் ஒரு விளக்கென்றே அக்கருவி எண்ணும்.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். ‘கரண்ட் இல்லை, தொடலாம்’ என்று பிறர் சொல்வதைப்போல் ஆபத்தான சொல் இத்தொழிலில் வேறு இல்லை. சொன்னவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அவர் அறியாத வழிகள் பல இருக்கின்றன. ஸ்விட்ச் பேஸில் இல்லாமல் நியூட்ரலில் இணைக்கப்பட்டிருந்தால், விளக்கு அணைந்திருக்கும், ஹோல்டரிலோ மின்சாரம் இருக்கும். மும்முனை மோட்டாரில் ஒரு பியூஸை மட்டும் எடுத்துவிட்டால், மோட்டாரின் சுருள்கள் வழியாகவும், இரு முனையில் ஓட்டுவதற்காகப் போட்ட கண்டென்சர் வழியாகவும் அந்த மூன்றாவது கம்பிக்கு மின்சாரம் திரும்பி வரும். கண்டென்சரோ, இணைப்பைத் துண்டித்த பின்னும் மின்னேற்றத்தைத் தன்னுள் வைத்துக்கொண்டிருக்கும். ஆட்டோ ஸ்டார்ட்டர் இருந்தால், மின்சாரம் வந்தவுடன் மோட்டார் தானே ஓடத் தொடங்கும். இக்காலத்தில் உழவர் பக்கத்து ஊரிலிருந்தபடியே செல்போனால் மோட்டாரை இயக்குகிறார். கிணற்றடியில் கம்பியாள் கை வைத்திருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

கோயில் விழாவுக்கு வைத்த ஜெனரேட்டரை மாற்று ஸ்விட்ச் இன்றி வீட்டு இணைப்பில் சொருகிவிட்டால், அம்மின்சாரம் வெளிக் கம்பிக்கு ஏறி, டிரான்ஸ்பார்மரில் தலைகீழாகப் பாய்ந்து, 11,000 வோல்ட்டாக உயரக்கூடும். அடுத்த ஊர்க் கம்பத்தில் நிற்பவருக்கு அது எமனாகும். கூரைமேல் சூரியத் தகடு அமைக்கும் வேலையும் இப்போது நம் கம்பியாளருக்குக் கிடைக்கிறது. மெயினை அணைத்தாலும், வெயில் உள்ளவரை தகடுகளிலிருந்து வரும் நேர்மின்சாரம் நில்லாது. தொடராக இணைத்த தகடுகளில் அது சில நூறு வோல்ட் வரை இருக்கும்.

ஆகவே, மின்சாரம் இல்லை என்பதைக் கம்பியாள் தாமே மெய்ப்பித்துக்கொள்ள வேண்டும். மெயின் ஸ்விட்சை அணைத்து, பியூஸ் கட்டைகள் அனைத்தையும் கழற்றித் தம் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்வது நம் முன்னோடிகளின் நல்ல வழக்கம். இக்கால எம்.சி.பி.க்கு அது இயலாது. அதற்குப் பூட்டும், ‘ஆள் வேலை செய்கிறார்’ என்ற அட்டையும் தேவை. பிறகு டெஸ்டரை மின்சாரம் இருப்பது உறுதியான ஓரிடத்தில் வைத்துப் பார்த்து, வேலை செய்யும் இடத்தில் பார்த்து, மீண்டும் முதல் இடத்தில் பார்க்க வேண்டும். இடையிலேயே டெஸ்டர் பழுதாகியிருந்தால், அது எரியாததை நம்பி உயிரைக் கொடுக்க நேரிடும். கண்டென்சரின் மின்னேற்றத்தை உரிய தடையின் வழியே இறக்கிவிட்டு, கம்பியை எர்த் செய்த பின்னரே கை வைத்தல் வேண்டும். கம்பியைத் தொடுமுன் எர்த் செய்தோ வேறு தக்க வழியிலோ மின்னேற்றம் நீக்க வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே கூறின. அவ்விதிகளுக்குப் பதிலாக மத்திய மின்சார ஆணையம் 2010-இல் வெளியிட்ட ஒழுங்குமுறைகளும் அவ்வாறே கூறின.

டிரான்ஸ்பார்மர் விஷயத்தில் நாம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. லைன்மேன் வரத் தாமதமானால், பயிர் காய்கிறதே என்று ஊரார் கம்பியாளை ஏறச் சொல்கின்றனர். ‘ஐந்து நிமிட வேலைதானே’ என்கின்றனர். ஏ.பி. ஸ்விட்சின் கைப்பிடியைக் கீழே இழுத்த பின்னும், மேலே மூன்று கத்திகளில் ஒன்று ஒட்டிக்கொண்டு திறவாமல் இருக்கக்கூடும். அந்த ஒன்று போதும். லைன் கிளியர் பெற்ற வாரியப் பணியாளரைத் தவிர வேறு எவரும் அங்கே ஏறலாகாது. ஒரு நாள் தண்ணீர் பாயாவிட்டால் பயிர் வாடும், மறுநாள் தழைக்கும். ஏறச் சொன்னவர்கள் இதை எண்ணிப் பார்ப்பார்களாக.

மற்றவை சிறு வழக்கங்கள். மோதிரம், கைக்கடிகாரம், வெள்ளி அரைஞாண் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். அலுமினிய ஏணி வேண்டாம். மூங்கில் ஏணி போதும். ரப்பர் கையுறையைச் சுருட்டிக் காற்றடைத்துப் பார்த்தால் ஓட்டை தெரிந்துவிடும். தனியாக வேலைக்குப் போகாமல், மெயின் இருக்கும் இடமறிந்த ஒருவரை உடன் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவ்வுடனாளுக்கு ஒரு பணி உண்டு. அதிர்ச்சிக்குள்ளானவரைக் கையால் பற்றி இழுக்காமல், முதலில் மெயினை அணைக்க வேண்டும். அது இயலாவிடில், தாழ்ந்த அழுத்தக் கம்பியாயின் மட்டும், உலர்ந்த மரக் கட்டையால் அவரை விலக்கலாம். ஈர மண்ணில் புதைத்தால் மின்சாரம் இறங்கிவிடும் என்னும் நம்பிக்கை சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. உடலில் மின்சாரம் தங்குவதில்லை. குழி தோண்டும் நேரத்தில் உயிர்தான் இறங்கிவிடும். மூச்சு இல்லையெனில் நடுமார்பில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்த வேண்டும். இம்முறையை 1960-இல் உலகுக்கு அறிவித்த மூவரில் ஒருவரான கோவன்ஹோவன் மருத்துவர் அல்லர், மின் பொறியாளர் என்பதை நம் தொழிலினர் அறிந்திருத்தல் நன்று. 108 ஊர்தி வரும் வரை ஆள் மாற்றி ஆள் அழுத்திக்கொண்டே இருக்கலாம். அவர் தாமே எழுந்து, ‘ஒன்றுமில்லை’ என்று கூறினாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தோலில் சிறு புள்ளியாகத் தெரியும் தீப்புண் உள்ளே ஆழமாகச் சென்றிருக்கக்கூடும். இதயத் துடிப்பையும் மருத்துவர் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.