இல்லத்து இசைக்கு ஒரு சிறு கணினி

கண்டி மாநகரின் பழைய வீடுகளில், அலுமாரியின் மேல்தட்டிலோ கட்டிலின் அடியிலோ, ஒலிநாடாக்கள் நிறைந்த பெட்டியொன்று இருப்பது அரிதன்று. கட்டுக்கலையிலும் பேராதனையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் இத்தகைய பெட்டிகள் எத்தனையோ உள. அவற்றினுள் இருப்பவை யாவை? கடையில் வாங்கிய திரைப்பாடல் நாடாக்கள் சில. இலங்கை வானொலியில் ஒலித்தபோது வீட்டாரே பதிந்துகொண்ட நிகழ்ச்சிகள் சில. கோயில் திருவிழாவில் முழங்கிய நாதசுரம், மகளின் இசை அரங்கேற்றம், மாசித் திங்களில் தோட்டத்து மக்கள் ஆடும் காமன் கூத்தின் பாட்டு, மறைந்துபோன பாட்டியாரின் தாலாட்டு என வேறு சில. முதல் வகையை இன்றும் எங்கேனும் பெறலாம். ஏனையவற்றுக்கு உலகத்தில் வேறு பிரதி இல்லை. மாதக் கட்டணம் பெற்று இணையவழியே இசை வழங்கும் நிறுவனங்களிடம் கோடிக்கணக்கான பாடல்கள் இருக்கின்றன. பாட்டியாரின் தாலாட்டு அங்கே இல்லை.

கண்டியோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், இரு பருவ மழையையும் பெறும் ஊர். மலைக்கும் மாவலி கங்கைக்கும் இடைப்பட்ட இந்த ஈரக்காற்றில் புத்தகத்திற்கும் பூஞ்சணம் பிடிக்கிறது, நாடாவுக்கும் பிடிக்கிறது. ஆதலால் நாடாவிலுள்ள ஒலியை எண்முறைக் கோப்புகளாக மாற்றிக்கொள்ள விரும்புவோர் பெருகியிருக்கின்றனர். மாற்றியபின் அவற்றை எங்கே வைப்பது, வீட்டார் அனைவரும் எவ்வாறு கேட்பது என்னும் வினா எழுகிறது. அதற்கு விடையாக அமைவதே வீட்டுச் சேவையகம் எனப்படும் சிறு கணினி.

அதன் தொழிலை விளக்க ஒரு தண்ணீர்த் தொட்டி போதும். மேலே தொட்டி ஒன்று. கீழே சமையலறையில் ஒரு குழாய், குளியலறையில் ஒரு குழாய். திறந்த இடத்தில் நீர் வருகிறது. அவ்வாறே ஒரு மூலையில் இருக்கும் கணினி பாடல்களைத் தேக்கி வைத்திருக்கும். கூடத்து ஒலிபெருக்கியிலும், மகனின் கைத்தொலைபேசியிலும், தாயார் படுத்திருக்கும் அறையிலும் வேண்டியவர் வேண்டியதைக் கேட்கலாம். இதற்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. முன்னர் லொஜிரெக் நிறுவனத்தின் பெயரோடு விளங்கி 2024இல் லிரியன் எனப் பெயர் மாறியது ஒன்று, 2018இல் தோன்றிய ஜெலிஃபின் மற்றொன்று, நாவிட்ரோம் இன்னுமொன்று.

கணினி வாங்கக் கடைக்குச் செல்பவரிடம் விற்பனையாளர் முதலிற் பேசுவது வேகத்தைப் பற்றியே. இந்த வேலைக்கு எவ்வளவு வேகம் வேண்டும்? கணக்கிட்டே பார்க்கலாம். இறுவட்டின் தரத்தில் ஒலியை ஒரு செக்கனுக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 துணுக்குகளால் எழுதுகின்றனர். இடம், வலம் என இரு தடங்கள். பெருக்கினால் செக்கனுக்கு ஏறத்தாழ 14 இலட்சம் துணுக்குகள். சாதாரண வலையமைப்புக் கம்பியே செக்கனுக்குப் பத்துக் கோடி துணுக்குகளைக் கடத்த வல்லது. அஃதாவது எழுபது பாடல்களை ஒரே நேரத்தில் அனுப்பக்கூடியது. எழுபது பேர் வாழும் வீடு கண்டியில் இல்லை. ஆகவே வேகத்திற்கெனக் கொடுக்கும் பணம், பாடசாலைக்கு நடந்து செல்லும் பிள்ளைக்குப் பந்தயக் குதிரை வாங்கிக் கொடுப்பதை ஒக்கும்.

உண்மையில் நோக்க வேண்டியது மின்சாரத்தை. இந்தக் கணினி இரவும் பகலும் விழித்திருப்பது. மூலையிற் கிடக்கும் பழைய பெரிய கணினியையே பயன்படுத்தலாமே, செலவில்லையே எனச் சிலர் எண்ணுவர். அது சும்மா இருக்கும்போதே 60 வாற்று மின்னை உண்பதாயின், முப்பது நாளில் 43 அலகுகள் ஆகின்றன. இலங்கையில் வீட்டு மின்கட்டணம் 30, 60, 90 எனப் படிப்படியாக ஏறுவது யாவரும் அறிந்ததே. சிக்கனமாக வாழும் ஒரு குடும்பத்தை அந்த 43 அலகுகள் அடுத்த படிக்குத் தள்ளிவிடக்கூடும். இலவசக் கணினி திங்கள்தோறும் வாடகை கேட்கும்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உருவாகி 2012இல் வெளிவந்த ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கையளவுக் கணினி இந்த வகையில் மிகச் சிக்கனமானது. 2019இல் வந்த அதன் நான்காம் வகை, வேலை குறைந்த வேளையில் ஏறத்தாழ 3 வாற்று மட்டுமே கொள்கிறது. மாதத்திற்கு இரண்டு அலகுகளே. விசிறியின்றியும் இயங்குவதால் ஓசையும் இல்லை. மற்றொன்று, அலுவலகங்கள் கழித்துவிட, பாவித்த பொருளாகக் கடைகளுக்கு வரும் புத்தகமளவுக் கணினி. அது 10 வாற்று அளவில், மாதம் ஏழு அலகுகள் கொள்ளும். உள்ளேயே வட்டு, உறுதியான இரும்புக் கூடு, மின்சாரம் திரும்பியதும் தானே விழித்தெழும் ஏற்பாடு ஆகியவை அதன் சிறப்புகள்.

கண்டியில் மின்சாரம் திரும்புவதைப் பற்றிப் பேசும்போது அது போவதைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நாடு இருளில் இருந்ததை எவரும் மறந்திலர். 2025 பெப்ரவரி 9ஆம் நாள் தீவு முழுவதும் மின்சாரம் நின்றது. இவை பெரியவை. இடைப்பருவகாலமான ஏப்பிரலிலும் ஒற்றோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடியோடு விளக்கு ஒருமுறை கண்சிமிட்டுகிறதே, அந்தச் சிறு சிமிட்டலே கணினிக்குப் பகை. விரல்நகம் போன்ற நினைவட்டையில் ஏதோவொன்று எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கணத்தில் மின் அறுந்தால், அட்டையின் அட்டவணையே சிதையக்கூடும். பாடல்கள் உள்ளே இருந்தாலும், எது எங்கே என்று சொல்வாரின்றிப் போய்விடும்.

எனவே ராஸ்பெரி பை வாங்குவோர் பாடல்களை அதன் நினைவட்டையில் வைத்தலாகாது. தனியான திண்மநிலை வட்டில் வைத்து, கேட்கும்போது வாசிக்க மட்டும் அனுமதித்து, புதிய பாடல் சேர்க்கும் வேளையில் மாத்திரம் எழுதத் திறந்துவிடுவது நன்று. கைத்தொலைபேசியின் மின்னேற்றியை அதற்குச் சொருகுவதும் தவறு; நான்காம் வகைக்கு 3 அம்பியர் தரும் உரிய மின்னேற்றி வேண்டும். இணையத் திசைவிக்கெனக் கடைகளில் விற்கும் சிறிய மின்கல அடைப்பெட்டி ஒன்றும் வாங்கினால் சிறு சிமிட்டல்களைக் கடந்துவிடலாம். அதனை வாங்குமுன், கணினி கேட்கும் வோல்ற்று அளவை அது தருமா என்று பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். பழைய மடிக்கணினிக்கோ இந்தக் கவலை இல்லை. மின்கலம் அதனுள்ளேயே இருக்கிறது. ஆனால் ஆண்டுக்கணக்கில் மின்னேற்றியில் கிடந்த மின்கலம் வீங்குவதுண்டு. வீங்கிய மின்கலத்தை வீட்டில் வைத்திருப்பது ஆபத்து. அடிப்பக்கம் புடைத்திருக்கிறதா எனத் திங்களுக்கொருமுறை தடவிப் பார்க்க மனமில்லாதவர் அதனை விலக்கிவிடலாம்.

இந்த மூன்றனுள் எது என்று கேட்டால், பெரும்பாலான குடும்பங்களுக்குப் பாவித்த சிறு அலுவலகக் கணினியே பொருந்தும் எனலாம். நுட்பம் பழக ஆர்வமுள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் ராஸ்பெரி பை நல்லது. எதைத் தேர்ந்தாலும் ஒன்றை மறத்தலாகாது: கணினி பழுதுபட்டால் மறுநாளே வேறொன்று வாங்கலாம், தாலாட்டை வாங்க முடியாது. ஆகவே வட்டைக் கழற்றி வேறெந்தக் கணினியிற் பொருத்தினாலும் பாடல்கள் திறக்க வேண்டும். தனக்கே உரிய முறையில் பூட்டி வைக்கும் அழகுப் பெட்டிகளை, அவை எத்துணை மினுங்கினாலும், தவிர்ப்பதே முறை.

வட்டின் அளவு பற்றி அஞ்ச வேண்டியதில்லை. ஒரு மணி நேர ஒலி, தரம் குறையாது சுருக்கும் ஃபிளாக் முறையில் ஏறத்தாழ 350 மெகாபைற்று. ஐந்நூறு நாடாக்கள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் என்றாலும் 175 கிகாபைற்றே. 500 கிகாபைற்று வட்டில் பாதிக்குமேல் வெறுமையாகவே இருக்கும். அந்த வெறுமைக்காக இன்னும் பெரிய வட்டை வாங்குவதினும், அதே அளவில் இரண்டு வாங்குவது மேல்.

இரண்டாவது வட்டு அதே மேசையில் இருந்தால் பயனில்லை. மின்னல் இரண்டையும் ஒருங்கே கருக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளில் கண்டி மாவட்டத்தில் வீடுகளே புதைந்தன. எதனோடும் இணைக்காமல், ஈரமுறிஞ்சும் சிறு பொதியோடு காற்றுப் புகாத டப்பாவில் இட்டு, வேற்றூரில் வாழும் தங்கை வீட்டிலோ தமையன் வீட்டிலோ அதனை வைக்கலாம். தீபாவளிக்கு அவர்கள் வரும்போது கொண்டுவரச் சொல்லி, அவ்வாண்டு சேர்ந்தவற்றைப் படியெடுத்து, புறப்படும்போது பலகாரப் பொதியோடு கையிற் கொடுத்தனுப்பலாம்.