புத்தகம் நமது, உரிமை யாருடையது?



தோட்டப்புறப் பள்ளியின் நூல்நிலையம் என்றவுடன் பெரிய மண்டபம் ஒன்றை எண்ணிக்கொள்ள வேண்டாம். வகுப்பறை மூலையில் இரண்டு அலமாரி, ஒரு மேசை, இரவல் எழுதும் ஒரு பதிவேடு, அவ்வளவுதான். அந்த அலமாரிச் சாவி பல ஆண்டுகளாக எங்களிடம் இருந்து வருகிறது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் பாடம் நடத்தக் கற்றோம், கரும்பலகையில் எழுதக் கற்றோம். ஆனால் ஒரு புத்தகத்தை எந்த அளவுக்கு நகல் எடுக்கலாம், யாரைக் கேட்க வேண்டும் என்பதைப் பின்னாளில் ஒரு தவறு செய்த பிறகுதான் கற்றோம். அந்தத் தவறிலிருந்தே இன்றைய பேச்சைத் தொடங்குகிறோம்.

ஜாசின் வட்டாரத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் சிறுவர் கதைகள் எழுதி, சொந்தப் பணத்தில் அச்சிட்டு வெளியிட்டார். விலை 8 வெள்ளி. பால்மரக் காடும் பிரட்டுக் களமும் வருகின்ற கதைகள், நம் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப் போயின. நாங்கள் ஒரே ஒரு புத்தகம் வாங்கினோம். வாசிப்பு மாதத்திற்காக அதை முழுதும் போட்டோஸ்டேட் எடுத்து, கம்பி தைத்து, 70 பிள்ளைகளுக்கும் கொடுத்தோம். ஒரு தாளில் இரண்டு பக்கம் என்று 32 தாள், தாளுக்கு 10 காசு, ஆக ஒரு பிரதிக்கு 3 வெள்ளி 20 காசு. மேலட்டை இல்லாததால் எழுதியவர் பெயரும் இல்லாமல் போயிற்று.

பரிசளிப்பு விழாவுக்கு அந்தப் பெரியவரையே அழைத்திருந்தோம். பிள்ளைகள் கையில் தம் கதைகளைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. பிறகு தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"எத்தனை புத்தகம் வாங்கினீங்க, டீச்சர்?"

"ஒண்ணுதாங்க ஐயா."

சற்று நேரம் அவர் பேசவில்லை. "வீட்டுல கட்டிலுக்கு அடியில நானூறு புத்தகம் கெடக்கும்மா. கேட்டிருந்தா பாதி விலைக்கே கொடுத்திருப்பேனே" என்றார்.

பாதி விலை என்றால் 4 வெள்ளி. ஒரு பிரதிக்கு 80 காசு, 70 பிரதிக்கு 56 வெள்ளி மிச்சம் பிடிக்கப்போய், அவருக்கு வர வேண்டிய 280 வெள்ளியை நாங்கள் தடுத்துவிட்டோம். திருட வேண்டும் என்று நாங்கள் நினைக்கவில்லை. நல்ல காரியம் என்றுதான் நினைத்தோம். ஆனால் கை கொடுத்தவரின் கையையே முறித்த கதையாயிற்று.

அடுத்த ஆண்டு நாங்கள் மறுகோடிக்குப் போய்விட்டோம். நூல்நிலையத்திலிருந்து எதையுமே நகல் எடுக்கக் கூடாது என்று எழுதி ஒட்டினோம். கதை சொல்லும் போட்டிக்குப் போகவிருந்த ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி இரண்டே பக்கம் கேட்டாள். சட்டம் விடாது என்று உதவியாளர் மறுத்துவிட்டார். அந்தப் பெண் இரவெல்லாம் உட்கார்ந்து கையால் எழுதினாள். மறுநாள் அவள் தகப்பனார், பால்மரம் சீவிவிட்டு நேரே பள்ளிக்கு வந்து, "புஸ்தகத்தைப் பூட்டி வைக்கத்தானா டீச்சர் அலமாரி வாங்கினீங்க?" என்று கேட்டார். நம்மிடம் பதில் இல்லை.

இந்த இரண்டு சம்பவங்களுக்கும் பிறகுதான், நூலகப் பொறுப்பாளர்களுக்காகப் பட்டணத்தில் நடந்த ஒருநாள் பயிற்சிக்குச் சென்றோம். முதல் நாள் செய்ததும் தவறு, மறுநாள் செய்ததும் தவறு என்று அங்கே தெளிந்தோம். நாம் தெளிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

நம் நாட்டில் நடப்பில் உள்ளது 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். ஒருவர் தம் முயற்சியால் கதையோ, பாட்டோ, படமோ ஆக்கி, அதை எழுத்திலோ ஒலிப்பதிவிலோ வடித்துவிட்டால், அந்தக் கணமே உரிமை பிறந்துவிடுகிறது. எந்த அலுவலகத்திலும் பதிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எழுத்தாளர் உயிரோடு உள்ள காலமும், அவர் மறைந்த பின் 50 ஆண்டும் அந்த உரிமை நிலைக்கும். இந்தியாவில் இது 60 ஆண்டு. வெறும் கருத்துக்கு உரிமை இல்லை. ஏழையும் பணக்காரனும் நண்பர்களாகும் கதையை யாரும் எழுதலாம். ஆனால் ஒருவர் எழுதிய சொற்களை எடுக்கும்போதுதான் கேள்வி எழுகிறது.

அப்படியானால் எதையும் எடுக்கவே கூடாதா? அப்படி இல்லை. அதே சட்டம் நியாயமான பயன்பாடு என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. ஆராய்ச்சி, சொந்தப் படிப்பு, திறனாய்வு, செய்தி அறிவித்தல் முதலியவற்றுக்காக எடுக்கலாம். எது நியாயம் என்று எடைபோட நான்கு கேள்விகளை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் தந்தது. எதற்காக எடுக்கிறோம், இலாபத்திற்கா கல்விக்கா? எப்படிப்பட்ட படைப்பு அது? எவ்வளவு எடுக்கிறோம்? நாம் எடுப்பதால் அந்தப் புத்தகத்தின் விற்பனை கெடுமா?

இந்த நான்கையும் எங்கள் இரண்டு சம்பவங்களுக்கும் பொருத்திப் பாருங்கள். முழுப் புத்தகத்தை 70 பிரதி எடுத்தோம். கல்விக்காகத்தான், ஆனால் அளவோ முழுமை, விற்பனையோ அடியோடு போயிற்று. மாணவி கேட்டதோ சொந்தப் படிப்புக்கு இரண்டு பக்கம். அதனால் ஒரு பிரதிகூட விற்காமல் போகாது. நூலின் பெயரையும் எழுதியவர் பெயரையும் குறித்துத் தாராளமாகக் கொடுத்திருக்கலாம். கொடுக்க வேண்டியதை மறுத்தோம், கேட்க வேண்டியதைக் கேட்காமல் எடுத்தோம்.

இந்த வழக்கு பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. 2012இல் வெளிநாட்டுப் பெரிய பதிப்பகங்கள் மூன்று, டில்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும் அதன் வளாகத்தில் இருந்த ஒரு சிறிய போட்டோஸ்டேட் கடையின் மீதும் வழக்குத் தொடுத்தன. பல நூல்களின் பகுதிகளைச் சேர்த்துப் பாடத் தொகுப்பாக்கி மாணவருக்குக் கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 2016இல் டில்லி உயர் நீதிமன்றம், கற்பிக்கும் தேவைக்கு ஏற்ப எடுப்பதை இந்தியச் சட்டம் அனுமதிக்கிறது என்று சொன்னது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கிலிருந்து விலகிக்கொண்டன. அது இந்தியச் சட்டம், நம்மைக் கட்டாது. ஆயினும் ஏழை மாணவனின் படிப்பையும் நீதிமன்றம் தராசில் வைத்துப் பார்க்கிறது என்பதற்கு அது சான்று.

இனி நம் பாரதியாரின் கதையைக் கேளுங்கள். அவர் 1921இல் மறைந்தார். குடும்பம் வறுமையில் வாடியது. உரிமைகள் கைமாறின. நூல் வெளியிடும் உரிமை ஒருவரிடமும், இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பாடும் உரிமை வேறொருவரிடமும் போய்ச் சேர்ந்தன. பாடல் உரிமை ஏவி. மெய்யப்பன் அவர்களிடம் இருந்த காலத்தில், டி.கே.எஸ். சகோதரர்கள் 1948இல் வெளிவந்த 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடலைச் சேர்த்தார்கள். பிரச்சினை வழக்குவரை போயிற்று. பாரதி பாட்டு பொதுச் சொத்தாக வேண்டும் என்று தமிழ்நாட்டில் குரல் எழுந்தது. 1949இல் சென்னை அரசு உரிமையைத் தானே பெற்றது. மெய்யப்பன் தம் உரிமையைப் பணம் பெறாமலே விட்டுக்கொடுத்தார். பிறகு அரசு பாரதியின் எழுத்தை மக்களுக்கே உரியது ஆக்கியது. இன்று மலாக்காத் தோட்டத்துச் சிறுமி மேடையேறிப் பாரதி பாட்டைப் பாட யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இதிலே இரண்டு பாடம் உண்டு. ஒரே படைப்பின் உரிமை அச்சுக்கு வேறாகவும் பாட்டுக்கு வேறாகவும் பிரியலாம். ஆகவே ஒன்றுக்கு வாங்கிய இசைவு மற்றொன்றுக்குச் செல்லாது. இரண்டாவது, மக்களுக்கு வேண்டியது பொதுவாக வேண்டும் என்று கேட்பதும் முறைதான். ஆனால் அதற்கும் எடுத்துக்கொள்வது வழி அல்ல, கேட்பதே வழி.

கேட்பது எப்படி? வாய்ச்சொல் போதாது. பதிப்புரிமைக்கான இசைவு எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்று நம் சட்டம் சொல்கிறது. நீண்ட கடிதம் வேண்டியதில்லை. எந்த நூல், எந்தப் பகுதி, எத்தனை பிரதி, யாருக்கு, எவ்வளவு காலம், இலவசமா கட்டணமா என்று ஆறு வரி எழுதி, உரிமையாளரின் கையெழுத்தை வாங்கிக் கோப்பில் வைத்தால் போதும். எழுத்தாளர் தம் உரிமையைப் பதிப்பகத்துக்குக் கொடுத்திருந்தால் பதிப்பகத்தைக் கேட்க வேண்டும்.

கேட்காமலே எடுக்கத் தக்கவையும் ஏராளம். கல்கி 1954இல் மறைந்தார், பாரதிதாசன் 1964இல் மறைந்தார். நம் நாட்டுக் கணக்கில் 50 ஆண்டு கடந்துவிட்டது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைக் கணினியில் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறது. இலங்கைத் தமிழர் 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்நூல்நிலையத்தில், ஆசிரியர்கள் மனமுவந்து இசைவளித்த நூல்களும் ஏராளமாக உள்ளன. இசைவு கேட்டால் கிடைக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. புலனக் குழுவில் ஒரு முழுப் புத்தகம் வந்து விழுந்தால், அதை மற்றவருக்குத் தள்ளிவிடுமுன், இதை எழுதியவர் இன்னும் இருக்கிறாரா என்று ஒரு கணம் நினையுங்கள். மலேசியத் தமிழ் எழுத்தாளருக்குப் பெரிய சந்தை கிடையாது. முதல் புத்தகம் கட்டிலுக்கு அடியில் கிடந்தால் இரண்டாம் புத்தகம் வராது. நம் தோட்டத்து வாழ்வை எழுத வெளியிலிருந்து யாரும் வரப்போவதில்லை.

உங்கள் உரிமையையும் மறந்துவிடாதீர்கள். வழிவழியாக வந்த தாலாட்டுக்குத் தனி உடைமையாளர் இல்லை. ஆனால் உங்கள் வீட்டுப் பாட்டி பாடுவதைப் பதிவு செய்து வெளியிட ஒருவர் வந்தால், பாடுபவரின் இசைவை அவர் கேட்டாக வேண்டும். எங்கே வெளியிடுவீர்கள், பாட்டியின் பெயரைப் போடுவீர்களா என்று தயங்காமல் கேளுங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்துவிட்ட இந்நாளில், அந்தப் பாட்டும் நம் சொத்துகளில் ஒன்று.

அந்தப் பெரியவரிடம் நாங்கள் போய் மன்னிப்புக் கேட்டோம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாக 40 புத்தகம் வாங்கினோம். ஆண்டுக்கு இரண்டு கதையை வகுப்புக்காக நகல் எடுத்துக்கொள்ள அவர் கைப்பட எழுதித் தந்தார். அந்தக் கடிதம் இன்று எங்கள் நூல்நிலையக் கோப்பின் முதல் தாள். அலமாரியில் ஒட்டியிருந்த பழைய அறிவிப்பைக் கிழித்துவிட்டு, அந்த நான்கு கேள்விகளை எழுதி ஒட்டியிருக்கிறோம். இப்போது பிள்ளைகளே அவற்றைப் படித்துவிட்டு, "இது ரெண்டு பக்கந்தான் டீச்சர், பேரும் எழுதிட்டேன்" என்று சொல்லி நகல் கேட்கிறார்கள்.

கேட்டு வாங்குவோம், பெயர் சொல்லிப் பயன்படுத்துவோம், முடிந்தபோது விலை கொடுத்து வாங்குவோம்.