தந்தையின் ஊரும் மகளின் கல்லூரியும்

சென்னையிலிருந்து நெல்லூர் செல்லும் பெருவழியில், ஆரம்பாக்கத்தைக் கடந்தவுடன் வருவது தடா. கிழக்கே பழவேற்காட்டு ஏரி. கடைவீதியில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கும். 1953ஆம் ஆண்டு ஆந்திர மாநிலம் அமைந்தபோது நெல்லூர் மாவட்டத்தோடு அம்மாநிலத்திற் சேர்ந்த இவ்வூர், 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சார்ந்தது. 1960இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி நம் பக்கம் வந்தது. தடா அங்கேயே நின்றது.

தாய் தந்தையர் பயின்ற கல்லூரியில் பிள்ளைக்குச் சலுகை தரும் வழக்கம் அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நெடுநாளாக உண்டு. கலிபோர்னியாவில் 2025 செப்டம்பர் முதல் சட்டம் அதனைத் தடுத்துவிட்டது. நம் அரசுக் கல்லூரிகள் அவ்வாறு கேட்பதில்லை. ஆனால், பெற்றோர் எவ்வூரார் என்று கேட்கின்றன. பட்டத்தைப்போல ஊரும் ஒரு பிதுரார்ஜிதமாகிவிட்டது எனலாம்.

1974இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணை, ஆந்திரக் கல்லூரிகளில் நூற்றுக்கு 85 இடங்களை அந்தந்த வட்டாரத்தார்க்கு ஒதுக்கியது. நெல்லூர் மாவட்டம் திருவேங்கடவன் பல்கலைக்கழக வட்டாரத்தில் அடங்கியது. தகுதித் தேர்வு எழுதும் ஆண்டோடு முடியும் நான்கு கல்வியாண்டுகளை அங்கே தொடர்ந்து பயின்றவரே வட்டாரத்தார். எஞ்சிய 15 இடங்களுக்குப் போட்டியிட, தந்தையோ தாயோ அம்மாநிலத்திற் பத்தாண்டு வாழ்ந்திருந்தாலும் போதும்.

இனி, தடாவில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். மகள் எட்டாம் வகுப்புவரை அவ்வூரிற் படிக்கிறாள். தமிழ்ப் பயிற்சி வேண்டுமென்று, ஒன்பதாம் வகுப்பில் அவளைக் கும்மிடிப்பூண்டிக்கு அனுப்புகின்றனர். சில கல் தொலைவுதான்! எனினும் மேற்சொன்ன விதிப்படி அவள் அங்கே வட்டாரத்தாள் அல்லள். தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளோ, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை இங்கே பயின்றிருத்தல் வேண்டும், இல்லையேல் இருப்பிடச் சான்றும் பெற்றோரின் ஆவணங்களும் வேண்டும் என்கின்றன. தாய்மொழி மீது கொண்ட பற்றுக்கு இஃதொரு விந்தையான தண்டனை.

உச்ச நீதிமன்றம் இதனை அறியாததன்று. சென்னை மாநிலம் மருத்துவ இடங்களை மாவட்டவாரியாகப் பங்கிட்டதை 1968இல் தள்ளிற்று. 1984இல் பிரதீப் ஜெயின் வழக்கில், ஒரு பகுதி இடங்களையேனும் நாடு முழுவதற்கும் திறந்துவிடச் சொல்லிற்று. முதுநிலை மருத்துவத்தில் இருப்பிட ஒதுக்கீடு செல்லாதென 2025 ஜனவரியில் தீர்த்தது. இளநிலைப் படிப்பில் மட்டும் இன்றும் ஊர் கேட்கப்படுகிறது.

ஆகவே, மும்பையிலும் தில்லியிலும் வாழும் நம்மவர் பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை காத்திருத்தலாகாது. குழந்தை ஆறாம் வகுப்பில் சேரும்போதே, தந்தையின் பள்ளிச் சான்றையும் பிறப்புப் பதிவையும் தேடி எடுத்து வைத்தல் வேண்டும். விதிகள் அடிக்கடி மாறுவதால், அவ்வவ்வாண்டின் சேர்க்கைக் கையேட்டை இரு மாநிலங்களிலிருந்தும் பெற்றுப் படித்தல் வேண்டும். சொந்த ஊருக்குத் திருவிழாவுக்குச் செல்வோர், தாசில்தார் அலுவலகத்திற்கும் ஒரு நடை போய் வரலாம்.