கோட்டு போட்ட ரும்பா



காங்கோ ஆற்றின் இரு கரைகளிலும் இரண்டு தலைநகரங்கள் நேருக்கு நேர் நிற்கின்றன. ஒரு கரையில் கின்ஷாசா, மறு கரையில் பிராசவில். நாடுகள் இரண்டு; ஆறும் பாட்டும் ஒன்று. அந்தப் பாட்டின் பெயர் ரும்பா. காங்கோ ரும்பாவை 2021-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நான் கோட்டு தைக்கிறவன். அந்தப் பாட்டைக் கேட்டால், பாடுகிறவர் என்ன உடுத்தியிருக்கிறார் என்றுதான் என் கண் தேடும். அதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

பிராசவில்லில் பக்கோங்கோ என்று ஒரு பகுதி. புழுதித் தெரு, தகரக் கூரை. ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தத் தெருவில் ஒருவர் இளஞ்சிவப்பு நிறத்தில் முழு சூட்டு போட்டு, தொப்பி வைத்து, கையில் தடியோடு நடந்து வருவார். வாரநாளில் அவர் டாக்சி ஓட்டுபவராக இருப்பார், அல்லது கொத்தனாராக இருப்பார். பிள்ளைகள் பின்னால் ஓடிவரும், பெரியவர்கள் வாசலுக்கு வந்து பார்ப்பார்கள். இவர்களைச் சாப்பர்கள் என்கிறார்கள். இவர்களுடைய இயக்கத்துக்கு லா சாப் என்று பெயர். ஆண்களே நிறைந்த இந்தக் கூட்டத்தில் இப்போது பெண்களும் கோட்டு போட்டு இறங்கியிருக்கிறார்கள்.

ஆற்றுக்கு அக்கரையில் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட உடைக்குத் தடையே இருந்தது. 1970களின் தொடக்கத்தில் கின்ஷாசாவிலிருந்து நாட்டை ஆண்டவர் மொபுட்டு. அதற்கு ஜயர் என்று புதுப்பெயர் வைத்தார். மக்கள் கிறிஸ்தவப் பெயர்களை விட்டு ஆப்பிரிக்கப் பெயர்களைச் சூட்டிக்கொள்ள வேண்டும் என்றார். மேல்நாட்டுக் கோட்டும் டையும் கூடாது என்றார். ஆண்கள் அணிய வேண்டியது அபாகோஸ்ட் என்ற மேலங்கி. அதற்கு டை கட்ட முடியாது. காலனி ஆட்சி போனதுபோல காலனிக்காரர்களின் உடையும் போகட்டும் என்பது அவர் சொன்ன நியாயம். கேட்கும்போது சரியாகத்தான் இருக்கும். ஆனால் காலையில் பெட்டியைத் திறந்து எதை உடுத்தலாம் என்று ஒருவன் யோசிக்கும்போது அரசாங்கம் வந்து பக்கத்தில் நின்றால், அந்த உடையில் விடுதலை எங்கே இருக்கிறது? அந்தக் கட்டுப்பாடு விலக 1990 வரை ஆயிற்று.

அந்தக் காலத்தில் அங்கே பாட வந்தவர் பாப்பா வெம்பா. 1949-இல் காசாய் பகுதியில் பிறந்தவர். அவருடைய அம்மா சாவு வீடுகளில் ஒப்பாரி பாடியவர். நேயர்களே, பாப்பா வெம்பாவின் குரல் உச்சிக்குப் போகும்போது கவனித்துக் கேளுங்கள். கொண்டாட்டப் பாட்டிலும் ஓரத்தில் ஒரு விம்மல் இருக்கும். 1969-இல் ஜைக்கோ லங்கா லங்கா குழுவைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1977-இல் விவா லா மியூசிகா என்று சொந்தக் குழு கண்டார். கின்ஷாசாவின் மதோங்கே பகுதியில் தன் வீட்டைச் சுற்றியிருந்த இடத்துக்கு மொலோகாய் கிராமம் என்று பெயரிட்டு, அதற்குத் தலைவராகத் தன்னையே அறிவித்துக்கொண்டார். தலைவாரி, சவரம் செய்து, வாசனை பூசி, நன்றாக உடுத்தி வா என்பதுதான் அவர் இளைஞர்களுக்குச் சொன்ன பாடம். ஐரோப்பிய, ஜப்பானிய உடைக் கலைஞர்களின் பெயர்களைப் பாட்டுக்குள்ளேயே வைத்துப் பாடினார். டை கட்டக் கூடாது என்ற ஊரில், மேடையேறி உடுப்பின் பெருமையைப் பாடுவது சின்னக் காரியம் இல்லை.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காங்கோ ரும்பாவில் முதல் பாதி நிதானமாகப் போகும். குரல்கள் ஒன்றையொன்று தாங்கிப் பாடும். பிறகு கிடார்கள் வேகம் பிடிக்கும். அந்தப் பகுதியை ஸெபென் என்பார்கள். ஆட்டம் அங்கேதான். பாப்பா வெம்பா 1970களின் கடைசியில் பரப்பிய உடையில் பேண்ட் அகலமாக இறங்கும், இடுப்பில் ஆழமான கொசுவம் இருக்கும். இறுக்கமான பேண்ட்டில் ஆடினால் கால் மட்டும்தான் ஆடும். கொசுவம் வைத்த பேண்ட்டில் கால் நின்ற பிறகும் துணி ஒரு சுற்று போய்த் திரும்பி வந்து நிற்கும். தாளத்துக்குப் பின்னால் துணி போடும் இன்னொரு தாளம் அது. வெட்டும் மாஸ்டருக்கு ஆட்டம் தெரியாவிட்டால் அந்தப் பேண்ட்டை வெட்ட முடியாது.

நிறத்துக்கு வருவோம். பிராசவில் சாப்பர்களுக்கு ஒரு விதி உண்டு. ஓர் உடையில் மூன்று நிறத்துக்கு மேல் போகக் கூடாது. ஆற்றுக்கு அக்கரையில், கின்ஷாசாவில், இந்த விதிக்கு அவ்வளவு மதிப்பில்லை. அங்கே யோஜி யமமோட்டோ, இஸ்ஸே மியாகே போன்ற ஜப்பானிய உடைக் கலைஞர்களின் வெட்டுகள் மேல் ஆசை. கோணலும் மாணலுமாகத் தொங்கும் கருப்புத் துணியும் அங்கே அழகு. எனக்குப் பிராசவில் பக்கம்தான் மனம் சாய்கிறது. என்னிடம் தொழில் பழகும் பிள்ளைகளுக்கு இந்த மூன்று நிற விதியைப் பயிற்சியாகவே கொடுக்கிறேன். பட்டனைக் கணக்கில் சேர், காஜா நூலைச் சேர், சாக்ஸைச் சேர், லைனிங்கையும் சேர் என்பேன். எண்ணிப் பார்த்தால் ஐந்தாறு நிறம் வந்துவிடும். குறைக்கச் சொன்னால் முழிப்பார்கள். குறைக்கக் குறைக்கத்தான் கண் பழகும். சட்டையும் சாக்ஸும் ஒரே பச்சையாக அமைந்துவிட்டால், நடக்கும்போது பேண்ட் விளிம்பில் அந்தப் பச்சை எட்டிப் பார்த்து மறையும். சாப்பர்களின் நடை மெதுவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பார்ப்பவர்களுக்கு நேரம் கொடுக்கிறார்கள்.

லைனிங் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் கின்ஷாசாவில் வேலை கிடைத்துப் போகும்போது எங்களிடம் கோட்டு தைத்துக்கொண்டு போனார். விடுமுறையில் வந்தவர் சொன்னார்: தெருவில் ஒரு சாப்பர் அவரை நிறுத்தி, மரியாதையாக வணக்கம் சொல்லி, கோட்டைத் திறந்து காட்டச் சொன்னாராம். லைனிங்கை விரலால் தொட்டு, கைத்தையல் எது, மிஷின் தையல் எது என்று பிரித்துச் சொன்னாராம். இங்கே எத்தனையோ மாப்பிள்ளைகளுக்கு ரிசப்ஷன் கோட்டு தைத்திருக்கிறோம். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தவர்கள் அபூர்வம். எங்கோ ஓர் ஊரில் முகம் தெரியாத ஒருவர் அதைப் பார்த்திருக்கிறார் என்று கேட்டபோது, அந்தக் கோட்டுக்குக் கைத்தையல் போட்ட எங்கள் பெரியவர் அன்று முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தார்.

பசியோடு இருந்துகொண்டு சூட்டு வாங்குவதா என்று சாப்பர்களை அந்த ஊர்களிலேயே கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு ஜோடி வெஸ்டன் ஷூவுக்கு மாதக்கணக்கில் சம்பளம் போய்விடும். அதனால் ஒருவருக்கொருவர் இரவல் கொடுக்கிறார்கள், வாடகைக்கும் எடுக்கிறார்கள். பாரிஸுக்குப் போய் உடுத்தித் திரும்ப வேண்டும் என்ற ஏக்கம் பலரை ஆபத்திலும் தள்ளியது. வாத்தியக்காரர்கள் என்று சொல்லி ஆட்களை ஐரோப்பாவுக்குள் கொண்டுவந்ததற்காக 2004-இல் பிரான்ஸ் நீதிமன்றம் பாப்பா வெம்பாவுக்கே தண்டனை விதித்தது. அவரை நேசிப்பவர்கள் இதையும் சேர்த்துத்தான் அவரை அறிய வேண்டும். ஆனால் சாப்பர்களின் ஒழுங்கில் இன்னொன்றும் உண்டு: கை நீட்டக் கூடாது, சண்டைக்குப் போகக் கூடாது, பேச்சில் பண்பு வேண்டும். உள்நாட்டுப் போரைப் பார்த்த நகரங்களில் இப்படி ஒரு நியமத்தை உடம்பில் உடுத்தி நடக்கிறவர்களை ஆடம்பரக்காரர்கள் என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை.

பாப்பா வெம்பா 2016 ஏப்ரலில் அபிஜான் நகரில், மேடையில் பாடிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்து இறந்தார்.

நேரம் முடியப் போகிறது. மேல்நாட்டு உடைக் கலைஞர்கள் சாப்பர்களைப் பார்த்து வரைந்த கதை, பாரிஸில் அவர்கள் கூடும் கடைத்தெரு எல்லாம் விட்டுப்போயிற்று. இன்னொரு நாள் பேசலாம். 1987-இல் வந்த லா வி எ பெல் என்ற படத்தில் பாப்பா வெம்பாதான் கதாநாயகன், கின்ஷாசாவுக்குப் பிழைக்க வரும் ஏழைப் பாட்டுக்காரன். கிடைத்தால் பாருங்கள். வீட்டில் தையல் தெரிந்தவர்கள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்து, பேண்ட்டின் வெட்டைப் பற்றிக் கேளுங்கள். அவர்கள் சொல்ல நிறைய வைத்திருப்பார்கள்.