இரத்தச் சுத்திகரிப்பு பெறுவோரும் உறக்கமும்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் மேடையில் நோயைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஒருவரது துன்பத்தின் காரணம் அறியாமல் அவரைப் பழிப்பதும் கல்லாமையே என்பதால் இதனை எடுத்துக்கொண்டோம்.

1943-இல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் என்னும் மருத்துவர் செயற்கைச் சிறுநீரகத்தை உருவாக்கினார். 1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர், ஒரே நோயாளிக்குத் திரும்பத் திரும்ப இரத்தச் சுத்திகரிப்புச் செய்ய வழி கண்டார். இன்று பெரும்பாலோர் வாரம் 3 முறை, முறைக்குச் சுமார் 4 மணி நேரம் டயாலிசிஸ் பெறுகின்றனர். 2016-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் வழியே ஏழையருக்கு இச்சிகிச்சை இலவசமாகவும் கிடைக்கிறது.

உயிர் நிலைக்கிறது, உறக்கமோ பலருக்கு வாய்ப்பதில்லை. படுத்தவுடன் கால்களில் ஏதோ ஊர்வது போன்ற தவிப்பு. எழுந்து நடந்தால்தான் தணியும். டயாலிசிஸ் பெறுவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இது உண்டு. இரும்புச்சத்துக் குறைவு இதனை மிகுவிக்கும். தோலில் ஓயாத அரிப்பு வேறு. இன்னும் சிலருக்கு, உடலில் தேங்கிய நீர் படுத்த நிலையில் கழுத்துப் பக்கம் ஏறி மூச்சுப் பாதையை நெருக்குகிறது; மூச்சு நின்று நின்று வருவதால் இரவில் பலமுறை விழிப்பு நேர்கிறது.

இது மனப்பிரமை அன்று. 2001-இல் கனடாவின் டொராண்டோ மருத்துவர்கள், 14 நோயாளிகளுக்கு இரவு நெடுநேரம் மெதுவாகச் சுத்திகரிப்புச் செய்ததில் இம்மூச்சுத் தடை வெகுவாகக் குறைந்ததாக வெளியிட்டனர். அம்முறை நம்மவர்க்கு எளிதில் கிட்டுவதன்று என்பது வேறு செய்தி.

இரவெல்லாம் விழித்தவர் பகலில் திண்ணையில் கண்ணயர்ந்தால், "வேலைக்குப் போக மனமில்லை" என்று ஏசுவோர் உண்டு. சோம்பேறிகள் என்னும் பழிச்சொல்லைத் தலைமுறை தலைமுறையாகப் பிறர் வாயால் கேட்டவர்கள் நாம். கழனியில் முதுகு வளைத்தவர்களுக்கே அப்பெயர் சூட்டினார்கள். அதே சொல்லை நம் வீட்டு நோயாளி மீது நாமே வீசலாமா?

இளைஞர்களே, அவர் எப்போது படுத்தார், எத்தனை முறை எழுந்தார், கால் தவித்ததா, குறட்டை நடுவே மூச்சு நின்றதா என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். அத்தாளை அடுத்த டயாலிசிஸ் நாளில் மருத்துவரிடம் கொடுத்து, இரும்புச்சத்தைச் சோதிக்கக் கேளுங்கள். மருந்துக்கடையில் தாமாகத் தூக்க மாத்திரை வாங்கித் தருவது கூடாது. சிறுநீரகம் செயலிழந்தவர் உடலில் சில மருந்துகள் வெளியேறாமல் தங்கிவிடும். மாலைக்குப் பின் தேநீர் வேண்டாம். ஊறுகாயும் கருவாடும் தாகத்தை வளர்க்கும். பருகும் நீர் கூடும். இரவு மூச்சு திணறும். அவர் தட்டில் அவை இல்லாத நாள்களில் வீட்டார் தட்டிலும் இல்லாதிருப்பது நன்று.