அமெரிக்க விடுதலையும் திருகோணமலைத் துறைமுகமும்

அறக்கட்டளை நினைவுச் சொற்பொழிவு



அமெரிக்க வரலாற்றின் திருப்புமுனைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று அறக்கட்டளைக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். வாஷிங்டன், ஜெபர்சன், லிங்கன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகலாம். அதற்குப் பாடநூல்கள் இருக்கின்றன. திருகோணமலையில் நின்று பேசுகிறவனுக்கு வேறொரு கடமை உண்டு. அமெரிக்காவுக்கு விடுதலை பெற்றுத்தந்த அந்தப் போர் நம்முடைய துறைமுகத்திலும் நடந்தது. 1782ஆம் ஆண்டில் மட்டும் இங்குள்ள இரண்டு கோட்டைகளும் இருமுறை கைமாறின. இந்த அவையில் இருக்கும் பலர் அந்தக் கைமாற்றங்களை ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் சண்டையாகப் படித்திருப்பீர்கள். அந்தச் சண்டையை இங்கே கொண்டுவந்த அமெரிக்கக் கதையை இன்று சொல்லப் போகிறேன்.

1. சரட்டோகா

1777 ஒக்ரோபர் 17ஆம் நாள், நியூயோர்க் நகருக்கு வடக்கே சரட்டோகா என்னும் இடத்தில், பிரித்தானியத் தளபதி பேர்கொய்ன் தம் படையோடு சரணடைந்தார். அதுவரை பிரான்ஸ் அமெரிக்கக் கிளர்ச்சியாளருக்குத் திரைமறைவில்தான் துப்பாக்கியும் வெடிமருந்தும் அனுப்பிவந்தது. இவர்கள் வெல்லக்கூடியவர்கள் என்ற நம்பிக்கை இப்போது பிறந்தது. பாரிசில் தங்கியிருந்த அமெரிக்கத் தூதர் பெஞ்சமின் பிராங்கிளின் அந்த நம்பிக்கையை நன்றாக ஊதி வளர்த்தார். 1778 பெப்ரவரி 6இல் இரு தரப்பும் கூட்டணி உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன.

பிரான்ஸ் இறங்கியதும் போருக்கு எல்லை இல்லாமல் போய்விட்டது. பிரித்தானியாவுக்கும் பிரான்சுக்கும் எங்கெல்லாம் பண்டசாலையும் கோட்டையும் இருந்தனவோ அங்கெல்லாம் பகை மூண்டது. அதே ஆண்டு ஒக்ரோபரில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது. நம் கடலுக்குப் போர் வந்துவிட்டது; நம் கரைக்கு வர இன்னொரு காரணம் வேண்டியிருந்தது.

2. கடலில் மிதந்த பை

அப்போது திருகோணமலை ஒல்லாந்தரிடம் இருந்தது. ஒல்லாந்து நடுநிலை நாடு. அதன் வணிகரோ கரிபியன் கடலில் சென் யூஸ்ரேசியஸ் என்ற சின்னஞ்சிறு தீவை வைத்துக்கொண்டு அமெரிக்கருக்கு வெடிமருந்து விற்றுக் கொழுத்தார்கள். லண்டன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

1780 செப்ரெம்பரில் நியூபவுண்லாந்துக் கடலில் அமெரிக்கக் கப்பலொன்றை ஆங்கிலேயர் மறித்தனர். அதில் பயணம் செய்தவர் ஹென்றி லோறன்ஸ். அமெரிக்கப் பேரவையின் தலைவராக இருந்தவர். ஒல்லாந்தில் கடன் கேட்கப் புறப்பட்டவர். கையிலிருந்த தாள்களைப் பையில் கட்டிக் கடலில் வீசினார்கள். பை தாழவில்லை, ஆங்கிலேயர் அதைக் கொக்கி போட்டு எடுத்துவிட்டார்கள். உள்ளே அம்ஸ்ரடாம் தரப்பினரோடு எழுதிய ஓர் உடன்படிக்கையின் வரைவு இருந்தது. எந்த அரசும் ஒப்புக்கொள்ளாத வெறும் வரைவு. ஆனாலும் தேடிக்கொண்டிருந்த சாட்டு லண்டனுக்குக் கிடைத்துவிட்டது. 1780 டிசெம்பர் 20இல் ஒல்லாந்தின் மீது போர் அறிவிக்கப்பட்டது.

சென்னையில் 1781இல் ஆளுநராக வந்திறங்கியவர் மக்கார்ட்னி பிரபு. 1779இல் கரிபியனிலுள்ள கிரனடாத் தீவின் ஆளுநராக இருந்து, அதைப் பிரெஞ்சுக்காரரிடம் இழந்து, கைதியாகப் பிரான்சுக்குப் போனவர். இப்போது ஒல்லாந்தரும் பகைவர் என்றானதும் அவர் காலம் தாழ்த்தவில்லை. நவம்பரில் நாகப்பட்டினம் விழுந்தது. 1782 ஜனவரியில் ஆங்கிலக் கடற்படைத் தளபதி ஹியூஸ் திருகோணமலைக்கு வந்தார். முதலில் நகரக் கோட்டை, அதாவது இன்றைய பிரட்றிக் கோட்டை, வீழ்ந்தது. 11ஆம் நாள் துறைமுக வாயிலைக் காக்கும் ஒஸ்ரன்பேர்க் கோட்டையும் தாக்கிப் பிடிக்கப்பட்டது.

3. பிரெஸ்ட்டில் புறப்பட்ட படை

1781 மார்ச் 22ஆம் நாள் பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து டி கிராஸ் தலைமையில் பெரும் கப்பற்படை ஒன்று பாய்விரித்தது. ஒரு வாரத்தில் அதிலிருந்து ஐந்து போர்க்கப்பல்கள் பிரிந்து தெற்கே திரும்பின. அவற்றுக்குத் தலைவர் சுஃப்ரன்.

மேற்கே போன டி கிராஸ் செப்ரெம்பர் 5இல் செசாபீக் குடாவின் வாயிலில் ஆங்கிலக் கப்பல்களை எதிர்த்துத் திருப்பியனுப்பினார். கரையில் வாஷிங்டன், கடலில் பிரெஞ்சுக்காரர்; நடுவில் சிக்கிய கோர்ன்வாலிஸ் பிரபு ஒக்ரோபர் 19இல் யோர்க்டவுனில் சரணடைந்தார். அமெரிக்காவின் விடுதலை அன்று உறுதியாயிற்று. அதே படையிலிருந்து பிரிந்து வந்தவர்தான் மொரீசியஸ் வழியாக வங்கக்கடலுக்கு வந்தார். சுஃப்ரனும் அமெரிக்கக் கடலுக்குப் புதியவரல்லர். 1778இல் நியூபோர்ட்டிலும் மறு ஆண்டு கிரனடாவிலும் போரிட்டவர். கரிபியனில் எதிரெதிரே நின்ற மக்கார்ட்னியும் அவரும் மீண்டும் நம் கரையில் எதிரெதிரானார்கள்.

4. வாடைக்கு முன் ஒரு துறைமுகம்

அவ்வளவு தொலைவிலிருந்து வந்தவருக்குத் திருகோணமலை ஏன் வேண்டும்? நம் மீனவரைக் கேட்டால் ஒரே சொல்லில் பதில் வரும்: வாடை. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் எல்லாம் திறந்த கரைகள். ஒக்ரோபரில் வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கினால் அங்கே பாய்க்கப்பல் நங்கூரமிட்டு நிற்க முடியாது. ஆங்கிலேயக் கப்பற்படை பம்பாய்க்கு ஓட வேண்டும். பிரெஞ்சுக்காரருக்கு மொரீசியஸ்தான் கதி. இந்தக் கடலின் மேற்குக் கரை முழுவதிலும் மழைக்காலத்திலும் கப்பல் தங்கக்கூடிய இயற்கைத் துறைமுகம் நம்முடையது. இதை வைத்திருப்பவன் களத்தை விட்டு ஓட வேண்டியதில்லை.

1782இல் சுஃப்ரனும் ஹியூசும் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பாலும், இலங்கையின் கீழ்க்கரையிலும், நாகப்பட்டினத்துக்கு அப்பாலும் மோதினார்கள். எதுவும் முடிவாகவில்லை. ஓகஸ்ட் இறுதியில் சுஃப்ரன் ஹியூசை முந்திக்கொண்டு இங்கே படையை இறக்கினார். ஒரு வாரத்துக்குள் இரு கோட்டைகளும் பணிந்தன. செப்ரெம்பர் 2ஆம் நாள் மாலை ஹியூஸ் வந்து பார்த்தபோது கோட்டைமேல் பிரெஞ்சுக் கொடி. மறுநாள் 14 பிரெஞ்சுக் கப்பல்களும் 12 ஆங்கிலக் கப்பல்களும் நம் கடலில் மோதின. சுஃப்ரன் ஏறியிருந்த கப்பலின் பெரிய பாய்மரமே முறிந்து விழுந்தது. ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். துறைமுகம் சுஃப்ரனிடம் நின்றது.

1783 ஜூன் 20இல் கடலூருக்கு அப்பால் இவ்விருவரும் கடைசியாக மோதினார்கள். ஐரோப்பாவில் முதற்கட்டச் சமாதானம் ஏற்பட்டு ஐந்து மாதம் கடந்திருந்தது, செய்தி வந்துசேரவில்லை. ஜூன் முடிவில் சமாதானக் கொடியோடு ஆங்கிலக் கப்பலொன்று வந்த பிறகுதான் பீரங்கிகள் ஓய்ந்தன. அமெரிக்க விடுதலைப் போரின் கடைசிப் பெருஞ்சண்டைகளில் ஒன்று தமிழ்க் கரையில் நடந்தது என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். பெருமைப்படலாமா என்பது வேறு கேள்வி.

5. கேட்கப்படாதவர்கள்

1776ஆம் ஆண்டு அமெரிக்க விடுதலைப் பிரகடனம் உலகுக்குச் சொன்ன பெரிய கருத்து, ஆட்சியின் அதிகாரம் ஆளப்படுவோரின் ஒப்புதலிலிருந்து வருகிறது என்பது. அந்தக் கருத்தின் பெயரால் தொடங்கிய போரில் திருகோணமலை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்கும், போர் முடிந்தபின் மீண்டும் ஒல்லாந்தருக்கும் போனது. தம்பலகாமத்து வயற்காரரையோ, மூதூர்க் கரைவலைக்காரரையோ, கோணேசர் கோயில் இருந்த பாறையைக் கும்பிட்டுவந்தவரையோ யாரும் ஒப்புதல் கேட்கவில்லை.

அந்தக் கதையில் தம் விருப்பத்தைச் சொல்ல முடிந்தவர் ஒருவர் உண்டு. மக்கார்ட்னி அனுப்பிய ஹியூ போய்ட் என்ற தூதர் 1782இல் இங்கிருந்து கண்டிக்குப் போய்க் கூட்டுறவு கேட்டார். 1762இலும் இப்படி ஓர் ஆங்கிலத் தூது வந்து ஒன்றும் விளையாமல் போனதைக் கண்டி அரசவை மறந்திருக்கவில்லை. நாயக்கர் மரபு மன்னர் இராசாதிராசசிங்கன் இணங்கவில்லை. போய்ட் வெறுங்கையோடு திரும்பினார்.

ஒப்புதலைப் பற்றிப் பேசிக்கொண்டே அதைக் கேட்காத இந்த முரண் அமெரிக்காவுக்குள்ளேயே இருந்தது. பை வீசிய லோறன்ஸ், சார்ள்ஸ்டன் துறைமுகத்தில் ஆபிரிக்க அடிமைகளை விற்றுச் செல்வரானவர். அவர் மகன் ஜோன் லோறன்ஸ், அடிமைகளைப் படையில் சேர்த்து விடுதலை கொடுக்க வேண்டும் என்று சொந்த மாநிலத்தோடு வாதாடித் தோற்றவர். யோர்க்டவுன் சரணடைவின் நிபந்தனைகளைப் பேசியவர்களில் அவரும் ஒருவர். 1782 ஓகஸ்ட் 27இல், இங்கே சுஃப்ரன் கோட்டையை முற்றுகையிட்டிருந்த அதே நாட்களில், தென் கரோலைனாவில் ஒரு சிறு மோதலில் அவர் இறந்தார். அந்த இளைஞனின் கேள்விக்குப் பதில் கிடைக்க 1860களின் உள்நாட்டுப் போர் வேண்டியிருந்தது.

6. இழந்தவன் எங்கே போனான்

1783 செப்ரெம்பர் 3இல் பாரிஸ் உடன்படிக்கை கைச்சாத்தானது. திருகோணமலைச் சண்டை நடந்து சரியாக ஓராண்டு. பதின்மூன்று குடியேற்றங்கள் பிரித்தானியாவின் கையை விட்டுப் போயின. அமெரிக்கரோடு வணிகம் செய்த ஒல்லாந்து 1784 உடன்படிக்கையில் நாகப்பட்டினத்தை நிரந்தரமாக இழந்தது.

பிரித்தானியா மேற்கில் இழந்தபின் கிழக்கை இறுகப் பிடித்தது. யோர்க்டவுனில் தோற்ற கோர்ன்வாலிஸ் 1786இல் வங்காளத்தின் கவர்னர் ஜெனரலானார். 1792இல் மைசூர் அரசர் திப்புவிடமிருந்து பாதி நாட்டைப் பறித்தார். 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் திருகோணமலையை எடுத்தனர். அதன்பின் அவர்களின் கடற்படைத் தளம் 1957 வரை இங்கிருந்தது. அங்கே விலங்கு அறுந்த அதே காலத்தில் இங்கே விலங்கு பூட்டப்பட்டது. 

இடையில், இரண்டாம் உலகப் போரின்போது, 1944 மார்ச் 31இல் அமெரிக்கரே இங்கு வந்தார்கள். யப்பானியருக்கு எதிராக, பிரித்தானியக் கடற்படைக்குத் துணையாக வந்த அந்த விமானந்தாங்கிக் கப்பல், ஏப்ரல் 19இல் சுமாத்திராவை அடுத்த சபாங் துறைமுகத்தைத் தாக்கியது. கப்பலின் பெயர் சரட்டோகா. ஆங்கிலேயரை வென்ற களத்தின் பெயரைச் சுமந்துகொண்டு ஆங்கிலேயரோடு தோளிணைந்து வந்தார்கள். அப்போதும் இந்தத் துறைமுகம் யாருக்குப் பயன்பட வேண்டும் என்று ஊரவரைக் கேட்டவர் இல்லை.

மாணவர்களே, இதனால் அமெரிக்க விடுதலை பொய் என்று நான் சொல்லவில்லை. ஒப்புதல் இல்லாத ஆட்சி முறையல்ல என்ற கருத்தை, அதை எழுதியவர்களே மீறினாலும், பிறகு வந்தவர்கள் தமதாக்கிக்கொண்டார்கள். நாமும் அதைக் கொண்டுதான் அவர்களையும் மற்றவர்களையும் அளக்கிறோம். திருப்புமுனை என்று எதையாவது படிக்கும்போது, அந்தத் திருப்பம் வேறு யாரைக் கவிழ்த்தது என்றும் தேடுங்கள். நிலாவெளிக்குப் போகிற சுற்றுலாப் பயணிக்கு ஒஸ்ரன்பேர்க்கின் கதையைச் சொல்லும் முதல் வழிகாட்டி, இந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தவராக இருக்க வேண்டும். அதற்கான பாடத்தை நம் ஆசிரியர்கள் எழுதத் தொடங்கினால், இந்த அறக்கட்டளை எதற்காக நிறுவப்பட்டதோ அது நிறைவேறும்.